கற்றுக்கொண்டே இருந்த நூலகர்கள்



 



நமது மக்தபின் நூலக அறைக்கு நிர்வாகக் கமிட்டியார் சென்ற ஆண்டு ஒரு கணினி வாங்கித் தந்தார்கள். கிதாபுகளைப் பட்டியலிடவும், பிள்ளைகளுக்கு நல்ல நூல்களைத் தேடித் தரவும் அது பயன்படும் என்பது அவர்களின் நல்லெண்ணம். ஆனால், பல மாதங்கள் அது துணி போர்த்தியபடியே இருந்தது. பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ஹஜ்ரத், அந்தப் பெட்டிக்கு எப்போது ஃபாத்திஹா ஓதப் போகிறீர்கள்?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பெழுந்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொல் நெஞ்சில் தைத்துக்கொண்டே வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கருவியின் மீது நமக்கு வெறுப்பு ஏதும் இருக்கவில்லை, கூச்சம்தான் இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் விளையாட்டாய்ச் செய்வதை நாற்பதைக் கடந்த உஸ்தாது தட்டுத் தடுமாறிச் செய்தால், பார்ப்பவர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியதா, நமக்கு முன் நூல்களைக் காத்தவர்கள் இதை எப்படிக் கடந்தார்கள் என்று தேடத் தொடங்கினோம். அத்தேடலில் கிடைத்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அரை மாதத்தில் ஓர் எழுத்து

முதல் முன்மாதிரியை நாம் மதீனாவிலேயே காண்கிறோம். யூதர்களுடன் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டபோது, அவர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் ஹழ்ரத் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதம் கழிவதற்குள் ஜைத் (ரலி) அதனைக் கற்றுத் தேர்ந்ததாக திர்மிதீயில் பதிவாகியுள்ளது. அதன்பின் அந்தக் கடிதங்களை எழுதுவதும், வந்தவற்றைப் படித்துக் காட்டுவதும் அவர்கள் பொறுப்பாயின. பின்னாளில் யமாமா போருக்குப் பின், சிதறிக்கிடந்த ஏடுகளிலிருந்தும் மனனமிட்டோரின் நெஞ்சங்களிலிருந்தும் குர்ஆனைத் திரட்டும் மாபெரும் பணியை ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒப்படைத்ததும் இதே ஜைத் (ரலி) அவர்களிடம்தான்.

தேவை பிறந்தது; கற்கச் சொன்னார்கள்; கற்றார்கள். நமக்குத் தெரியாததை எதற்குக் கற்க வேண்டும் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

'ஜைத் (ரலி) அவர்கள் அப்போது இளைஞர். இளமையில் எதுவும் எளிது' என்று சிலர் கூறலாம். அவர்களுக்கு ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஃப்பால் அல்-மர்வஸீ (ரஹ்) அவர்களை நினைவூட்டுகிறோம். ஹிஜ்ரி 417இல் (கி.பி. 1026) மறைந்த இப்பெரியார் ஒரு பூட்டுத் தொழிலாளி. 'கஃப்பால்' என்ற பெயரே பூட்டுச் செய்பவர் என்ற பொருளுடையது. சுமார் முப்பது வயதை எட்டிய பிறகே அவர் ஃபிக்ஹு கற்கத் தொடங்கினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பூட்டுப் பட்டறையிலிருந்து எழுந்து சென்ற அந்த மாணவர், குராஸான் பகுதி ஷாஃபிஈ அறிஞர்களின் தலைவராக உயர்ந்தார்.

பக்தாதும் டமாஸ்கஸும்

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காகிதம் செய்யும் கலை பக்தாதை அடைந்தது. தோலும் பப்பைரஸும் செய்துவந்த வேலையைக் காகிதம் மலிவாகச் செய்தது. நூல்கள் பெருகின. நூல்கள் பெருகியபோது, எந்த நூல் எங்கே, அதை எழுதியவர் யார், அவர் எந்தத் துறையினர் என்ற கேள்விகளும் பெருகின. இக்கேள்விகளுக்கு விடையளிக்க முற்பட்டவர் இப்னு நதீம். அவர் ஒரு 'வர்ராக்'. அதாவது நூல்களைப் படியெடுத்து விற்கும் தொழிலைச் செய்தவர். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) பத்துப் பெரும் பிரிவுகளாக அவர் தொகுத்த 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியல், இன்று காணக் கிடைக்காத எத்தனையோ நூல்களின் பெயரையாவது நமக்குக் காப்பாற்றித் தந்துள்ளது.

நம் மதரஸாக்களின் நூலகங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று டமாஸ்கஸில் உண்டு. உமய்யா பெரிய பள்ளிவாசலை ஒட்டி, அய்யூபி சுல்தான் அல்-அஷ்ரஃப் மூஸா (மறைவு 1237) அவர்களின் அடக்கத்தலத்தோடு இணைந்து 'அஷ்ரஃபிய்யா' என்ற நூலகம் இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட அந்நூலகத்தின் பட்டியலை 1270களில் ஒரு நூலகர் எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி இஸ்தான்பூலில் இன்றும் உள்ளது. ஜெர்மானிய ஆய்வாளர் கொன்ராட் ஹிர்ஷ்லர் அதனை ஆராய்ந்து 2016இல் நூலாக வெளியிட்டார். நூற்பெயரின் முதல் எழுத்து, நூலின் அளவு, அதன் பொருள் என்ற மூன்று அடிப்படைகளில் அந்தப் பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருந்தது. நூலகவியல் கல்லூரி என்ற ஒன்று தோன்றுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கேட்ட நூலைத் தாமதமின்றி எடுத்துத் தர ஒரு முறை வேண்டும் என்று அந்த மனிதர் சிந்தித்திருக்கிறார். அவருக்கு அதை வகுப்பெடுத்துக் கற்பித்தவர் எவருமில்லை. அலமாரியும் வாசகரின் தேவையுமே அவருடைய உஸ்தாதுகள்.

இதே வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவிலேயே அச்சு எழுத்துகள் புழக்கத்திற்கு வந்தன. ஆனால், உஸ்மானியப் பேரரசில் அரபி எழுத்தில் நூல் அச்சிட இப்ராஹீம் முத்தஃபரிகா என்பாருக்கு 1727இல்தான் சுல்தானின் அனுமதி கிடைத்தது. ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபெந்தி அவர்களே அதற்கு ஆதரவாக ஃபத்வா வழங்கினார்கள். எனினும் தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு நூல்கள் அந்த அனுமதியில் சேரவில்லை. முதல் நூலாக ஓர் அகராதி 1729இல் வெளிவந்தது. முத்தஃபரிகா தம் வாழ்நாளில் அச்சிட்டவை பதினேழு நூல்கள் மட்டுமே. இத்தாமதத்திற்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணங்கள் கூறுகின்றனர். படியெடுப்போரின் பிழைப்பு, கையெழுத்துக் கலையின் மீதிருந்த மதிப்பு, பிழைபட அச்சாகிவிடுமோ என்ற அச்சம் ஆகியவை அவற்றுள் சில. காரணம் எதுவாயினும், கருவி வாசலில் நின்றபோது நாம் கதவைத் தாமதமாகவே திறந்தோம்.

கையெழுத்திலிருந்து கணினி வரை

இனி மேற்குலகைப் பார்ப்போம். 1876இல் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் மெல்வில் டூயி தமது பதின்மப் பகுப்பு முறையை வெளியிட்டார். 1887இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் நூலகர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியையும் அவர் தொடங்கினார். அந்நாளைய நூலகர் பயிற்சியில் கையெழுத்தும் ஒரு பாடம் என்றால் இன்றைய பிள்ளைகள் வியப்பார்கள். பட்டியல் அட்டைகளை யார் எழுதினாலும் ஒரே சீராக, எவரும் படிக்கும் வண்ணம் அமைய வேண்டும் என்பதற்காக 'நூலகக் கையெழுத்து' என்ற தனி எழுத்து முறையையே உருவாக்கிப் பழக்கினார்கள். அதில் கைதேர்ந்தவர்கள் தட்டச்சுப் பொறி வந்தபோது மறுபடியும் முதல் வகுப்பில் அமர வேண்டியதாயிற்று. 1901 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அச்சிட்ட அட்டைகளையே மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. அப்போது அட்டை எழுதும் திறமையே பின்னுக்குப் போயிற்று.

1960களில் கணினி வந்தது. அட்டையிலுள்ள செய்திகளைக் கணினி படிக்கும் வடிவில் அமைக்கும் 'மார்க்' என்ற முறையை உருவாக்கியவர் ஹென்றியெட் ஆவ்ரம் என்ற பெண்மணி. 1965இல் நாடாளுமன்ற நூலகத்தில் சேர்ந்தபோது அவர் நூலகர் அல்லர். கணினி நிரல் எழுதுபவர். நூற்பட்டியல் கலையை அவர் நூலகர்களிடமிருந்து கற்றார்; நூலகர்கள் கணினியை அவரிடமிருந்து கற்றனர். இரு தரப்பாரும் தம் அறியாமையை ஒப்புக்கொண்டதாலேயே அப்பணி நிறைவேறியது. 1971இல் ஒஹையோ மாநிலத்தில் கணினி வழிக் கூட்டுப் பட்டியல் பணி தொடங்கியது. அதனை நடத்திய ஓ.சி.எல்.சி. நிறுவனம் தனது கடைசி அட்டைகளை அச்சிட்டது 2015 அக்டோபர் 1 அன்று. ஒரு நூற்றாண்டுக் காலம் நூலகத்தின் அடையாளமாக விளங்கிய அட்டைப் பெட்டி அன்றோடு விடைபெற்றது.

சீர்காழியிலிருந்து லண்டனுக்கு

இவ்வரிசையில் நம் மண்ணின் மைந்தர் ஒருவரைச் சொல்லாமல் செல்ல இயலாது. 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகப் பணியில் அவருக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. மாணவர் கூட்டத்தில் பேசிப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே, பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். லண்டன் சென்று நூலகப் பணியைப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது.

சென்றவர் லண்டனில் நூலகவியல் கற்றதோடு நில்லாமல், பல நூலகங்களை நேரில் கண்டார். அங்கே ஒரு கடையில், துண்டுகளை இணைத்துப் பல உருவங்கள் செய்யும் 'மெக்கானோ' என்ற சிறுவர் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். நூல்களின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து இணைக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் உதித்தது. அதன் விளைவே 1933இல் வெளிவந்த 'கோலன் பகுப்பு முறை'. 1931இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகர்களின் பாடமாயின. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பின்னணியிலும் அவருடைய உழைப்பு உண்டு. முப்பத்திரண்டாம் வயதில், விருப்பமின்றி, புதிதாய்க் கற்கச் சென்ற ஒருவரின் கதை இது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளிலிருந்து பாடம் பெற அவர் கூச்சப்படவில்லை.

இருபத்து மூன்று சிறு பணிகள்

இனி நம் காலத்திற்கு வருவோம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஷார்லட் என்பது ஒரு பெருநகரம். அந்நகரும் மெக்லன்பர்க் மாவட்டமும் சேர்ந்த பொது நூலகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 2005, 2006 ஆண்டுகளில் இணையம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. அதுவரை படிப்பதற்கு மட்டும் இருந்த இணையத்தில் எவரும் எழுதலாம், படம் ஏற்றலாம், பிறரோடு சேர்ந்து ஒரே பக்கத்தைத் திருத்தலாம் என்ற நிலை வந்தது. நூலகத்திற்கு வரும் இளையோருக்கு இவையெல்லாம் பழகியிருந்தன. நூலக ஊழியர்களில் பலருக்கோ இவை புதியவை.

அந்நூலகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஹெலீன் பிளோவர்ஸ் ஒரு வழி கண்டார். கனடா நாட்டு நூலகர் ஸ்டீபன் ஆப்ராம், அந்த ஆண்டில் தாம் செய்து பார்க்க விரும்பும் நாற்பத்து மூன்று செயல்களைப் பட்டியலிட்டு எழுதிய கட்டுரை அவருக்குத் தூண்டுகோலாயிற்று. ஊழியர்கள் தாமாகவே செய்து பார்க்க வேண்டிய இருபத்து மூன்று சிறு பணிகளை அவர் வகுத்தார். 2006 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டத்திற்குக் 'கற்றல் 2.0' என்று பெயர். '23 செயல்கள்' என்ற பெயரே பின்னர் நிலைத்தது.

அத்திட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. பயிற்சி வகுப்பு என்று எதுவும் இல்லை. விரிவுரையாளர் இல்லை, தேர்வும் இல்லை. ஒன்பது வாரங்கள் தரப்பட்டன. அதற்குள் அவரவர் தமக்கு வாய்த்த நேரத்தில், தமக்கு இயன்ற வேகத்தில் செய்யலாம். ஒருவர் முதலில் தமக்கென ஒரு வலைப்பூவைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பணியையும் செய்தபின், என்ன கற்றோம், எங்கே இடறினோம் என்று அதில் எழுத வேண்டும். சொந்தப் பெயரை வெளியிட விரும்பாதவர் புனைபெயரில் எழுதலாம். புகைப்படங்களை இணையத்தில் சேமிப்பது, பல தளங்களின் புதுச் செய்திகளை ஒரே இடத்தில் திரட்டிப் படிப்பது, பக்கங்களுக்குக் குறிச்சொல் இடுவது, பலர் கூடித் திருத்தும் விக்கிப் பக்கங்களில் எழுதுவது, இணையவழி நூற்பட்டியல் அமைப்பது, ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்பது என்று பணிகள் படிப்படியாகச் சென்றன. யாருக்கேனும் ஐயம் வந்தால் உடன் பணியாற்றுபவரிடம் கேட்க வேண்டும். முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழிகாட்ட வேண்டும். குறித்த காலத்தில் அனைத்தையும் முடித்தவர்களுக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்கும் சிறு கருவி ஒன்று பரிசாக வழங்கப்பட்டது.

தொடக்கத்திலேயே, வாழ்நாள் முழுதும் கற்பவரின் ஏழரைப் பழக்கங்கள் என்ற ஒரு பாடம் வைக்கப்பட்டிருந்தது. நம் கற்றலுக்கு நாமே பொறுப்பேற்பது, சிக்கலை அறைகூவலாகக் கருதுவது, கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பது போன்றவை அப்பழக்கங்களுள் சில. அந்த அரைப் பழக்கம் எது தெரியுமா? விளையாடிப் பார்ப்பது! தவறாகிவிடுமோ என்று அஞ்சாமல் குழந்தையைப் போல் தொட்டுப் பார்த்துக் கற்பது. மெக்கானோவைக் கண்டு நின்ற ரங்கநாதன் இதைத்தானே செய்தார்!

ஷார்லட் நூலகத்தார் இத்திட்டத்தைப் பூட்டி வைக்கவில்லை. உரிய முறையில் பெயர் குறிப்பிட்டு எவரும் எடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருகிலுள்ள யாரா பிளென்ட்டி நூலகம் அதனை எடுத்துக்கொண்டது. 2008இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து நூலகர்களும், 2010இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகர்களும் அதனைப் பின்பற்றினர். பயன்தரும் கல்வி, அதை விட்டுச் சென்றவருக்குத் தொடர்ந்து நன்மை சேர்க்கும் என்று நம் மார்க்கம் போதிக்கிறது. அறிவைப் பகிர்ந்தால் குறையாது என்பதற்கு இது கண்கூடான சான்று.

பள்ளி நூலகரின் தனிமை

பொது நூலகத்தில் பக்கத்து மேசையில் ஒருவர் இருப்பார், ஐயம் கேட்கலாம். பள்ளி நூலகரின் நிலை வேறு. பெரும்பாலும் ஒரு பள்ளிக்கு ஒரே நூலகர்தான். ஆசிரியர்கள் தத்தம் பாடத்தில் மூழ்கியிருப்பர். பயிற்சிக்குச் செல்ல விடுப்பு எடுத்தால் நூலகக் கதவு மூடப்படும். இவ்வளவுக்கும் நடுவில் அவரிடம் வருபவர்கள் யார்? உலகிலேயே மிக விரைவாகப் புதியதைப் பழகிக்கொள்ளும் பிள்ளைகள்!

இப்பணியின் தன்மையும் ஓயாமல் மாறியே வந்தது. 1960களில் அமெரிக்கப் பள்ளி நூலகங்களுக்குத் திரைப்படச் சுருள்களும், ஒலித்தட்டுகளும், படவீழ்த்திகளும் வந்து சேர்ந்தன. 1969இல் வெளியான பள்ளி நூலகத் தர வரையறை, நூலகத்தையே 'ஊடக மையம்' என்ற கருத்தில் விளக்கியது. நூலை மட்டும் காத்து வந்தவர் கருவிகளையும் இயக்கக் கற்கவேண்டியவரானார். பின்னர் கணினி வந்தது. அதன்பின் இணையம் வந்தது.

இந்நிலையில், கலிபோர்னியா பள்ளி நூலகச் சங்கத்தினர் 2007இல் அந்த இருபத்து மூன்று செயல்களையும் பள்ளி நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்றவாறு அமைத்து, 'பள்ளி நூலகக் கற்றல் 2.0' என்ற பெயரில் வெளியிட்டனர். தனித்தனிப் பள்ளிகளில் தனித்திருந்த நூலகர்கள், தத்தம் வலைப்பூக்களில் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, ஊரால் பிரிந்திருந்தும் ஒரே வகுப்பறை மாணவர்களைப் போல் ஆயினர். தமக்கு வசதியான நேரத்தில் கற்பது என்பது அவர்களுக்குச் சொகுசாக இருக்கவில்லை. அதை விட்டால் வேறு வழியே இருக்கவில்லை. 2008இல் வெடித்த பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்நாட்டில் பள்ளி நூலகர் பணியிடங்கள் பல நீக்கப்பட்டன. தம் பணி பிள்ளைகளுக்கு ஏன் தேவை என்பதை அவர்கள் நாள்தோறும் செயலால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

மறைந்தவையும் நிலைத்தவையும்

இங்கே ஓர் ஐயம் எழும். அந்நூலகர்கள் 2006இலும் 2007இலும் அரும்பாடுபட்டுக் கற்ற கருவிகள் இன்று எங்கே?

பல மறைந்துவிட்டன. செய்திகளைத் திரட்டித் தர அவர்களில் பலர் பயன்படுத்திய 'கூகுள் ரீடர்' 2013 ஜூலையில் மூடப்பட்டது. குறிச்சொல்லிட்டுப் பக்கங்களைச் சேமிக்க உதவிய 'டெலிஷியஸ்' பல கை மாறி, 2017இல் புதிதாய் எதையும் சேர்க்க இயலாத நிலையை அடைந்தது. அப்படியானால் அவர்கள் கற்றது வீணா?

அன்று. ஜைத் (ரலி) அவர்கள் கற்ற அந்தக் கடிதங்களின் தேவை ஒரு காலத்தோடு முடிந்தது; புதியதைக் கற்கும் ஆற்றலும், எழுத்தைக் கையாளும் அமானிதமும் முடியவில்லை. ஷார்லட்டிலும் கலிபோர்னியாவிலும் அந்நூலகர்கள் கற்றதும் அவ்வாறே. அவர்கள் கருவியைக் கற்றார்கள் என்பதைவிட, அஞ்சாமல் கற்பது எப்படி என்பதைக் கற்றார்கள் என்பதே பொருந்தும். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் வீடுகளுக்கு நூல்களையும் பாடங்களையும் இணையவழியே கொண்டு சேர்க்க வேண்டிய நிலை வந்தது. கற்றுப் பழகியவருக்கு அது அடுத்த பாடம். பழகாதவருக்கோ அது பெரும் சுவர்.

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தபின் இன்னொரு பாடம் தொடங்கியுள்ளது. கேட்ட கேள்விக்கு அழகிய நடையில் விடை தரும் இவ்வகைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், சில வேளைகளில் இல்லாத நூலை இருப்பதாகவும், சொல்லாத கூற்றைச் சொன்னதாகவும் தந்துவிடுகின்றன. இவ்விடத்தில் நம் முஹத்திஸீன்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'இதை உமக்கு அறிவித்தவர் யார்? அவர் நம்பத்தக்கவரா? அவர் யாரிடம் கேட்டார்?' என்ற கேள்விகளோடு அவர்கள் ஊர் ஊராய் நடந்தார்கள். அக்கேள்விகளை இன்று பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியவர் நூலகர். கருவியைத் தொட்டே பார்க்காதவர் அதன் பிழையை எங்ஙனம் சுட்டிக்காட்ட இயலும்?

உஸ்தாது இன்றிக் கற்கலாமா?

மதரஸாவில் ஓதிய நம் போன்றோர்க்கு மற்றோர் ஐயமும் உண்டு. ஏட்டை மட்டும் பார்த்துக் கற்றவனிடம் இல்ம் பெறலாகாது என்பது நம் முன்னோர் வகுத்த ஒழுங்கு. உஸ்தாதின் முன் மண்டியிட்டு அமர்ந்து, ஸனதோடு பெறுவதே நம் வழி. தானாகக் கற்கும் இம்முறை அதற்கு மாறானதன்றோ?

நாம் எண்ணிப் பார்த்ததில், இரண்டையும் கலக்க வேண்டியதில்லை. குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹு ஆகிய மார்க்க இல்முக்கு உஸ்தாது இன்றியமையாதவர். அதில் மாற்றுக் கருத்தில்லை. கருவியைப் பயன்படுத்தும் அறிவு அவ்வகையைச் சார்ந்ததன்று. பூட்டுச் செய்வதையும், படகு ஓட்டுவதையும், தறி நெய்வதையும் மக்கள் பார்த்தும் செய்தும்தான் கற்றார்கள். ஷார்லட்டில் கூட உஸ்தாது முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்குக் கைகொடுக்க வேண்டும் என்பது அங்கு விதியாக இருந்தது. ஒருவர் எடுத்துச் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் நம் மதரஸா 'தக்ரார்' முறைக்கு அது அந்நியமானதன்று.

எச்சரிக்கையும் வேண்டும். விளையாடிப் பார்ப்பது என்பது கற்பதற்கான வாசல். அதுவே வீடாகிவிடக் கூடாது. நேரம் அல்லாஹ்வின் அமானிதம். தேவையற்றதைப் பார்த்து இரவைக் கழிப்பதற்கும், தேவையானதைக் கற்கக் கால் மணி நேரம் ஒதுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறியாதவர்கள் அல்லர்.

நமது பெட்டியும் நமது பணியும்

நம் மக்தப் நூலகத்தில் ஒரு பழைய மரப்பெட்டி உண்டு. ஜமாஅத்தின் பல குடும்பத்தார், தங்கள் பாட்டனார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகளை வீட்டில் வைத்துக் காக்க இயலாமல் நம்மிடம் ஒப்படைத்தவை அதில் உள்ளன. சிலவற்றின் முதற்பக்கம் போய்விட்டது. சிலவற்றைப் பூச்சி அரித்துள்ளது. அவற்றின் பெயர்கூட எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த எழுத்தைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர் ஜமாஅத்தில் சிலரே மீந்துள்ளனர். கணினி தெரிந்த பிள்ளைகளுக்கு அரபுத் தமிழ் தெரியாது. அரபுத் தமிழ் தெரிந்த நமக்குக் கணினி தெரியவில்லை. இரு தரப்பாரும் கூடி அமராவிட்டால், நம் கண்முன்னே அந்தப் பெட்டி மண்ணாகிவிடும்.

எனவே, கமிட்டியாரின் ஒப்புதலோடு நாம் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கியுள்ளோம். இருபத்து மூன்று பணிகளுக்கு நமக்கு வலிமையில்லை. முதலில் ஏழு வகுத்துக்கொண்டோம். கணினியில் தமிழில் எழுதுவது, அரபியில் எழுதுவது, நூற்பட்டியல் அட்டவணை அமைப்பது, கிதாபின் பக்கங்களைக் கேடு வராமல் படமெடுப்பது, எடுத்தவற்றைப் பெயரிட்டு வரிசையாக வைப்பது, இரண்டு இடங்களில் பாதுகாப்பது, கற்றதை இன்னொருவருக்குக் கற்பிப்பது. இஷாவுக்குப் பின் ஒரு கால் மணி நேரம் அதற்கென ஒதுக்குகிறோம். பத்தாம் வகுப்பு ஓதும் நம் மாணவர் ஒருவர் நமக்கு எழுத்துப் பலகையைக் காட்டித் தருகிறார்; நாம் அவருக்கு அரபுத் தமிழின் கூடுதல் எழுத்துகளைக் காட்டித் தருகிறோம். யார் உஸ்தாது, யார் மாணவர் என்பது சில இரவுகளில் விளங்குவதில்லை!

இதுவரை முதல் மூன்று பணிகளை முடித்துள்ளோம். அட்டவணையில் முதல் கிதாபின் பெயரைப் பிழையின்றி எழுதி முடிக்க நமக்கு மூன்று நாட்கள் ஆயின. அதை இங்கே எழுதுவதில் நமக்கு இப்போது கூச்சமில்லை. ஜமாஅத்தாரில் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியோர்களும், கணினி தெரிந்த பிள்ளைகளும், வீட்டில் பழைய கிதாபுகளை வைத்திருப்போரும் நம்மோடு வந்து அமருமாறு அன்புடன் அழைக்கிறோம். அந்தப் பெட்டிக்கு எப்போது ஃபாத்திஹா என்று கேட்ட பெரியவரையும் சேர்த்தே அழைக்கிறோம். அவர் நன்றாக அரபுத் தமிழ் படிப்பவர்.

வல்ல ரஹ்மான் நமக்குப் பயன்தரும் கல்வியை அதிகப்படுத்துவானாக! நம் முன்னோர் எழுதிச் சென்ற கிதாபுகளைக் காக்கும் பாக்கியத்தைத் தருவானாக! கற்பதில் சோம்பலையும், வீண் பெருமையையும், வீண் கூச்சத்தையும் நம்மை விட்டு அகற்றுவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.